கணக்கில் வராத கன்று

விடிந்து தொழுவுக்குள் போன பொன்செல்வி, பால் வாளியைக் கீழே வைப்பதற்குள் ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டாள். அவள் காலடிச் சத்தம் கேட்டாலே மூன்று பசுக்களும் எழுந்து உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்கும். அன்றைக்குச் செவலை எழுந்திருக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தரையில் நுரைத்துக் கிடந்தது. விட்டுவிட்டுச் சப்புக்கொட்டுகிற சத்தம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் வெட்டிப் போட்ட தீவனப்புல் தொட்டியில் போட்டபடியே இருந்தது. செவலை புல்லை மிச்சம் வைக்கிற மாடே இல்லை.

மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வாயைப் பிளந்து பார்த்தாள். கொப்புளம் உடைந்து நாக்கின் மேல்தோல் ஒரு பக்கம் உரிந்திருந்தது. ஈறெல்லாம் சிவப்பு. குனிந்து குளம்புகளுக்கு நடுவே விரலை வைத்தாள். செவலை காலை உதறியது. அங்கேயும் புண்.

"கோமாரி" என்றாள் தனக்குத்தானே. அடுத்த நொடி வெறும் வாளியை ஓங்கி உதைத்தாள். அது உருண்டுபோய்ச் சுவரில் மோதிய சத்தத்தில் அவள் வீட்டுக்காரர் பெஞ்சமின் பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு ஓடிவந்தார்.

"என்னட்டி ஆச்சு?"

இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்து, மே மாதம் வந்த குறுஞ்செய்தியைத் தேடி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். உங்கள் கால்நடைக்குக் கோமாரி நோய்த் தடுப்பூசி போடப்பட்டது என்று அதில் இருந்தது. கீழே செவலையின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையின் பன்னிரண்டு இலக்க எண். மூன்று மாட்டுக்கும் மூன்று செய்தி.

"ஊசி போட்டாச்சாம். பாருங்க, போட்டாச்சாம்!"

பொன்செல்விக்கு நாற்பத்தாறு வயது. மேலகரத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவே, வயலை ஒட்டின ஒரே ஒரு தெருவில் வீடு. பெஞ்சமின் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் ஜெஸி கொல்லத்தில் நர்ஸ். பொன்செல்வி முன்பு எட்டு வருஷம் ஓர் அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தாள். ஒருநாள் அழுகின முட்டைகளை வாங்கி வைக்க மாட்டேன் என்று கொண்டுவந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றி, டிரைவரைப் பிடித்து நாலு வார்த்தையும் கேட்டு அனுப்பினாள். அந்த மாதமே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பொன்செல்விக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்க மாட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். கோட்டிக்காரி, பைத்தியக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், அதுவும் அவளுக்குத் தெரியும்.

வேலை போனதும் ஒரு கன்றுக்குட்டியை வாங்கி வளர்த்தாள். பத்து வருஷத்தில் அது மூன்று பசுவாகப் பெருகியது. முப்பது சென்ட் நிலத்தில் தீவனப்புல்லும் ஓரமாகத் தழைக்கு வேலிமசாலும் போட்டு, தொழுவைக் கழுவின தண்ணீரையே அதற்குப் பாய்ச்சினாள். எந்த மாட்டுக்கு எத்தனை கிலோ பசும்புல், எவ்வளவு வைக்கோல், எத்தனை கரண்டி தாது உப்பு என்பதெல்லாம் மனப்பாடம். குடற்புழு மருந்தை நாள் தவறவிட மாட்டாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் குளத்துப் புறம்போக்கில் அவிழ்த்துவிட்டு மேய்ப்பாள். மாடு காலாற நடக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

இவ்வளவு பார்த்துச் செய்கிறவளுக்கு அந்த மே மாதத்து நாள் நினைவுக்கு வந்ததும் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. மாட்டாஸ்பத்திரி உதவியாளன் செந்தில்வேல் அன்றைக்குத் தெருவுக்கு வந்திருந்தான். தோளில் நீலப் பெட்டி. மருந்து பாட்டிலைப் பெட்டிக்குள்ளிருந்து எடுக்கவில்லை, சட்டைப் பையிலிருந்து எடுத்தான். அவள் எட்டிப் பார்த்தாள். பெட்டிக்குள் ஒரு பொட்டு ஐஸ் இல்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. போலியோ சொட்டு மருந்து முகாமில் எட்டு வருஷம் ஐஸ் பெட்டி சுமந்தவள் அவள். குளிர்ச்சி போனால் மருந்தும் போயிற்று என்று தாய்மார்களிடம் எத்தனையோ தடவை சொன்ன வாய் அது. அன்றைக்கு மட்டும் பேசாமல் இருந்துவிட்டது. படித்தவர்கள் பார்த்துத்தானே அனுப்புவார்கள் என்று நினைத்தாள். சின்னப் பையனைத் தெருவில் வைத்துக் கேட்டால் மனசு நோகும் என்றும் நினைத்தாள்.

"அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்று பெஞ்சமினிடம் சொன்னாள். "எதுக்கெல்லாமோ சண்ட போடுதேன். கேக்க வேண்டியதுக்கு வாய மூடிட்டு இருந்துட்டேன்."

டாக்டருக்குப் போன் செய்தாள். யஹ்யா என்று பெயர், சின்ன வயது. அவர் பொறுப்பில் மூன்று ஆஸ்பத்திரிகள், அன்றைக்கு வேறொன்றில் இருந்தார். நாளை வருகிறேன் என்றார். வாயை உப்புத் தண்ணீரால் கழுவச் சொன்னார். கூழ் கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் மருந்து ஒன்றின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

செவலைக்கு எழுபது நாள் கன்று ஒன்று இருந்தது. கிடாரிக் கன்று, தாயைப் போலவே செம்பட்டை நிறம், நெற்றியில் மட்டும் காசு அளவு வெள்ளை. நோய்க்கார மாட்டைத் தனியே ஓரமாகக் கட்டிய பொன்செல்விக்குக் கன்றைப் பிரித்து வைக்கத் தோன்றவில்லை. தாய் தீனி எடுக்காமல் கிடக்கிறது, கன்றாவது குடிக்கட்டும், மடியும் கட்டிக்கொள்ளாது என்று நினைத்தாள். மறுநாள் காலையில் கன்றை அவிழ்த்துவிட்டாள். அது துள்ளிக்கொண்டு போய் மடியை முட்டிக் குடித்தது. வாயில் பால்நுரையோடு நாலடி பின்னால் வந்தது. நின்றது. பிறகு கால்கள் நான்கும் ஒரேயடியாக மடங்க, சரிந்து விழுந்தது. பொன்செல்வி ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். கண் திறந்தே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

டாக்டர் யஹ்யா மத்தியானம் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றாமலே கன்றைப் பார்த்தார்.

"தாய்ப்பால் குடிக்க விட்டீங்களாம்மா?"

"விட்டேன்."

"விட்டிருக்கக் கூடாது. பால் வழியா கிருமி நேரா இதயத்தத் தாக்கும். சின்னக் கன்னு தாங்காது."

பொன்செல்வி எழுந்து நின்றாள். முந்தானையில் கன்றின் வாயிலிருந்து வழிந்த பால் காய்ந்திருந்தது.

"இத நேத்து போன்ல சொல்லியிருக்கலாம்லா சார்? உப்புத் தண்ணி சொன்னிய. கூழு சொன்னிய. இந்த ஒத்த வார்த்தய சொல்ல எத்தன நிமிசம் ஆயிருக்கும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். செவலைக்கு ஊசி போட்டுவிட்டுச் சீட்டு எழுதினார். அவள் வாங்கிப் பார்த்தாள். காய்ச்சல், வாய்ப்புண் என்று இருந்தது.

"இது கோமாரிதான?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப அத எழுதுங்க."

"சாம்பிள் எடுத்து லேப் ரிசல்ட் வராம அந்தப் பேர எழுதக் கூடாதும்மா."

"அப்ப எடுங்க."

"மேல கேட்டுட்டு எடுக்கேன்."

"உங்க மேல யாரு இருக்கான்னு எனக்குத் தெரியாது சார். என் தொழுவுல செத்துக் கெடக்கது எனக்குத் தெரியும்" என்றாள் பொன்செல்வி. சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பெஞ்சமின் தோட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டினார். சுண்ணாம்பைக் கொட்டிக் கன்றைப் புதைத்தார்கள். அவள் அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் நேரே மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் இல்லை, செந்தில்வேல் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நிற்காமல் உள்ளே போய், மூலையில் நின்ற மருந்துக் குளிர்பெட்டியின் கதவைத் திறந்தாள். விளக்கு எரியவில்லை. உள்ளே பஞ்சுச் சுருள், பழைய பதிவேடுகள், செந்தில்வேலின் சாப்பாட்டுத் தூக்கு. கையை விட்டுப் பார்த்தாள், அடுப்படி அலமாரி போல வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா, அதெல்லாம் தொறக்கக் கூடாது."

"எத்தன நாளா இப்படிக் கெடக்கு?"

அவன் வாரியலைச் சுவரில் சாய்த்தான். "மார்ச்சுல இருந்து."

"அப்ப எங்க தெருவுக்குப் போட்ட மருந்து எங்கன இருந்துச்சு?"

"இங்கனதான்."

"எத்தன நாளு?"

"அஞ்சு நாளு. மொத ரெண்டு நாளு மீன் கடையில ஐஸ் வாங்கிப் போட்டேங்கா. பொறவு அந்தக் கடையத் தொறக்கல."

"டாக்டருக்குத் தெரியுமாலே?"

"தெரியும். அவரும் மூணு கடுதாசி எழுதிட்டாரு. நகல் வேணா பாருங்க." கோப்பை எடுத்துக் காட்டினான். மூன்று கடிதங்களும் இருந்தன, தேதியோடு. "பதிலே வரல. ஆனா கெடு முடியப் போகுது, போட்டு முடிங்க, எண்ணிக்கைய ஏத்துங்கன்னு மேல இருந்து தெனம் போனு. நான் தற்காலிகம். வேண்டாம்னு சொன்னா எனக்கு நாளைக்கு வேல இல்ல."

அவனை அறையத்தான் வந்திருந்தாள். கையையும் ஓங்கிவிட்டாள். ஆனால் அவன் நின்ற நிற்பு, அங்கன்வாடி வாசலில் முட்டை வண்டி போனபிறகு அவள் நின்ற நிற்பைப் போலவே இருந்தது. இவனைக் கேட்டால் டாக்டரைக் காட்டுகிறான். டாக்டரைக் கேட்டால் மேலே என்கிறார். ஓங்கின கையை இறக்க ஓர் இடம் இல்லாதது அவள் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது.

"செத்த மருந்துன்னு தெரிஞ்சே குத்தியிருக்கே. நான் தண்ணியக் குடுத்து, மாட்டப் பிடிச்சும் தந்தேன்."

அவள் குளிர்பெட்டியையும் கடிதங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

தெருவில் எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. சாரல் நன்றாக இறங்கிக் குற்றாலத்தில் கூட்டம் நெரிந்த நேரம். தெருவில் கறக்கும் பாலையெல்லாம் குற்றாலிங்கம் சேர்த்து வேனில் ஏற்றி, அருவிப் பக்கத்து டீக்கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பால் சங்கச் செயலாளர். பதினொரு மாடு வைத்திருந்தார். தெருவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவள் வீடு வீடாகப் போய், நோய் வந்திருக்கிறது, மாட்டை வெளியே விடாதீர்கள், குளத்துத் தண்ணீர் காட்டாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தபோது அவர் தன் வாசலில் நிறுத்தினார்.

"ஏட்டி பொன்செல்வி, எதுக்கு இப்படித் தண்டோரா போடுத?"

"கோமாரி அண்ணாச்சி. காத்துலயே பரவும்."

"டாக்டர் சீட்டுல காச்சல்னுல்லா எழுதியிருக்காரு? நீ என்ன டாக்டரா? இந்தப் பேச்சு குத்தாலத்துக்குப் போச்சுன்னா நம்ம தெருப் பால ஒருத்தன் வாங்க மாட்டான். சீசன் முடியட்டும், பொறவு பேசலாம்."

"சீசன் முடியுதவரைக்கும் நோய் காத்துக்கிட்டு நிக்குமா அண்ணாச்சி?"

"வாயக் கொறச்சுக்க. ஒன் கன்னு ஒன் கவனக்கொறவால செத்துச்சு. அதுக்கு ஊரக் கெடுக்காத."

அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தபடியே தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு, ஆட்டோவில் பாரம் கட்டும் நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டு குளத்துக்கு இறங்கும் பாதைக்குப் போனாள். இரண்டு தென்னைக்கு நடுவே மாட்டின் நெஞ்சளவு உயரத்தில் மூன்று வரிசை கட்டினாள். கட்டிவிட்டுப் புல்லறுக்கும் அரிவாளோடு நடுவில் நின்றாள். மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது.

முதலில் வந்தவர்கள் அவளையும் அரிவாளையும் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். கடைசியாகக் குற்றாலிங்கம் தன் பதினொரு மாட்டையும் பத்திக்கொண்டு வந்தார்.

"கயித்த அவுத்துவிடு."

"அவுக்க மாட்டேன்."

"புறம்போக்கு ஒன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

"என் அப்பன் வீட்டுச் சொத்தா இருந்தா நீரு இவ்வளவு நேரம் நின்னு பேச முடியாது வேய்" என்றாள். அண்ணாச்சி போய் வேய் வந்ததைக் கேட்டு, அவர் பின்னால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மூணு நாளைக்கு முன்ன வரைக்கும் என் மாடு இங்கனதான் மேஞ்சுச்சு. அதோட எச்சில் இந்தப் புல்லெல்லாம் கெடக்கு. ஒம்ம மாட்டக் காப்பாத்தத்தான் நனஞ்சுட்டு நிக்கேன். கன்னு செத்தது என் கவனக்கொறவுன்னு சொன்னீரு. சரி. ஒம்ம கவனத்த இப்பப் பாப்போம்."

குற்றாலிங்கம் மாடுகளைத் திருப்பி, வாய்க்கால் வழியே சுற்றிக்கொண்டு, குளத்தின் மறுகரைக்குக் கொண்டுபோய் மேயவிட்டார். அங்கிருந்து அவள் பக்கம் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்ததும் தெரிந்தது. பொன்செல்வி இருட்டுகிற வரைக்கும் நின்றாள். அடுத்த நாளும் நின்றாள், அதற்கடுத்த நாளும் நின்றாள்.

வீட்டில் மற்ற நேரமெல்லாம் வைத்தியம். கருப்பி, ராணி என்ற மற்ற இரண்டு பசுக்களுக்கும்கூட வாயில் புண் வந்துவிட்டது. சீரகம், வெந்தயம், மிளகு ஊறவைத்து, மஞ்சளும் பூண்டும் வெல்லமும் தேங்காயும் சேர்த்து அரைத்து, நாக்கிலும் மேலண்ணத்திலும் கையாலேயே தடவினாள். ராகிக் கூழ் காய்ச்சி ஆறவைத்து மூங்கில் குழாயில் ஊற்றினாள். வைக்கோல் வாயைக் குத்தும் என்று புல்லில் கொழுந்தாகப் பார்த்து நுனி நுனியாகக் கிள்ளிப்போட்டாள். குளம்புப் புண்ணில் ஈ முட்டை வைக்காமலிருக்க வேப்பெண்ணெயும் மஞ்சளும் வைத்துத் துணியால் கட்டினாள். தொழு வாசலில் ஒரு சாக்கைப் போட்டுச் சலவை சோடா கரைத்த தண்ணீரால் நனைத்து, மிதிக்காமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று வைத்தாள். பெஞ்சமின் ஒருதடவை மறந்து தாண்டியதற்கு வாங்கின வசவில், பிறகு குளிக்கப் போகும்போதுகூட அந்தச் சாக்கை மிதித்துவிட்டுத்தான் போனார்.

ஆறாம் நாள் காலையில் குற்றாலிங்கத்தின் மனைவி மங்களேஸ்வரி பின்வாசல் வழியாக வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"பொன்செல்வி, எங்க தொழுவுல ஏழு மாடு வாயொழுகி நிக்கி. நீ என்னமோ மருந்து அரைக்கியாமே. சொல்லித் தாயேன்."

பொன்செல்வி அம்மியைவிட்டு நிமிரவில்லை. "அண்ணாச்சி எங்க?"

"உள்ள உக்காந்திருக்காவ. வர வெக்கப்படுதாவ."

"வெக்கமா? அன்னிக்கு மறுகரைக்குப் பத்திக்கிட்டுப் போகும்போது வரலயா அது?"

பொன்செல்வி அரைத்ததை வழித்து இலையில் வைத்தாள். சேர்மான அளவையும் சொன்னாள். கன்றுகளை உடனே தாயிடமிருந்து பிரித்து வேறு பாலைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னாள். சொல்லும்போதும் குரலில் சூடு குறையவில்லை.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க அக்கா. கன்ன அவுத்து விடாதிய. என்ன கத்துனாலும் விடாதிய. இத நான் மாட்டுக்காகச் சொல்லுதேன். உங்க வீட்டுக்காரருக்காக இல்ல, அதையும் அவருகிட்ட சொல்லிருங்க."

குற்றாலிங்கத்தின் நான்கு கன்றுகளும் பிழைத்தன.

அன்றைக்கு மத்தியானமே கால்நடைத் துறை வண்டி ஒன்று தெருவுக்குள் வந்தது. இரண்டு அதிகாரிகள், டாக்டர் யஹ்யா, செந்தில்வேல். குற்றாலிங்கம் போன் செய்திருந்தார். பொன்செல்வி அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் கன்று செத்தபோது வராத வண்டி. அவர்கள் குற்றாலிங்கத்தின் தொழுவில் சாம்பிள் எடுத்துவிட்டு வண்டியில் ஏறப் போகும்போது குறுக்கே போய் நின்றாள்.

"பதினோரு மாடு இருந்தாத்தான் வண்டி வருமா சார்? மூணு மாட்டுக்கு வராதா?"

அதிகாரிகளில் மூத்தவர், "தடுப்பூசி போட்டதா கம்ப்யூட்டர்ல இருக்கேம்மா. அதுக்கு மேல நாங்க என்ன செய்ய?" என்றார்.

"கம்ப்யூட்டர்ல போட்டிய. மாட்டுக்கும் போட்டிருக்கலாம்."

அவள் போனை நீட்டினாள். விளக்கில்லாத குளிர்பெட்டி, உள்ளே சாப்பாட்டுத் தூக்கு, தேதியிட்ட மூன்று கடிதங்கள். தெருவே கூடி நின்று பார்த்தது. மூத்தவர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். யஹ்யாவின் முகம் வெளிறியது. ஆனாலும் அவர் தெளிவாகவே சொன்னார்: "அவங்க சொல்லுறது உண்மைதான் சார். கடுதாசி நான் எழுதினதுதான். ஐஸ் இல்லாத மருந்தப் போடச் சம்மதிச்சதும் நான்தான்."

அன்றைக்கே அவர் இன்னொரு காரியமும் செய்தார். நோய் எட்டாத பக்கத்து ஊரில் ஊசி போட்டதாகக் கணக்கிலிருந்த பத்து மாடுகளின் ரத்தத்தை எடுத்து அனுப்பினார். முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. தெருவில் வந்தது கோமாரிதான். பத்து மாட்டில் எட்டின் ரத்தத்தில் தடுப்பூசியின் பலன் துளிகூட இல்லை. சுற்றுவட்டாரம் முழுக்க மறுபடி ஊசி போட உத்தரவாயிற்று. புதுக் குளிர்பெட்டியும் வந்து இறங்கியது. டாக்டருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது, மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அதைக் கேட்டதும் பொன்செல்விக்குப் பழைய கோபம் எல்லாம் திரும்பிவந்தது.

மறு ஊசிக்கு வந்த நாளில் அவள் யாரையும் மாட்டை அவிழ்க்க விடவில்லை. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள். கையை ஐஸுக்குள் விட்டு, விரல் மரத்து வலிக்கிற வரைக்கும் வைத்திருந்தாள். பிறகுதான் தெருவைப் பார்த்து, "கொண்டு வாங்க" என்றாள். கோமாரி வந்து தேறின மாடு என்பதால் அவளுடைய மூன்றுக்கும் அன்றைக்கு ஊசி இல்லை. இருந்தும் கடைசி மாட்டுக்குப் போடுகிறவரைக்கும் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

செவலை பிழைத்தது, ஆனால் பழைய செவலையாக இல்லை. ரோமம் அடர்ந்து முள்ளாக நின்றது. லேசாக வெயில் ஏறினாலே நாக்கைத் தள்ளி இளைக்கும். பால் பாதியாகக் குறைந்துபோயிற்று.

அதற்குள் துறையிலிருந்து நோய்த்தாக்கம் பற்றிய அறிக்கை ஒன்று வெளியாயிற்று. செந்தில்வேல் ஒரு நகலை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். பாதிக்கப்பட்டவை இருபத்திரண்டு. குணமடைந்தவை இருபத்திரண்டு. உயிரிழப்பு: இல்லை.

அந்தக் கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இல்லையா? என்னலே இது, இல்லையா?"

"நாலு மாசம் ஆகாத கன்னுக்குக் காதுவில்ல போட மாட்டாவக்கா. எண் இல்லன்னா கம்ப்யூட்டர் எடுத்துக்கிடாது."

திங்கட்கிழமை தென்காசிக்குப் போய்க் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றாள். என்ன நிவாரணம் வேண்டும் என்று கேட்டார்கள். நிவாரணம் கேட்டு வரவில்லை, அந்த வரியை மாற்ற வேண்டும் என்றாள். மேசையில் இருந்தவருக்கு அது புரியவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறோம் என்று ரசீது கொடுத்தார். அடுத்த திங்கள் போனாள். கன்று இருந்ததற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். "தாய் மாட்டக் கொண்டாந்து இங்கன கட்டவா?" என்று அவள் போட்ட சத்தத்தில் வாசல் காவலர் உள்ளே வந்துவிட்டார். மூன்றாவது திங்கள், சம்பந்தப்பட்ட அதிகாரி விடுப்பு என்றார்கள். அவர் நாற்காலிக்கு எதிரே இருந்த பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாள்.

பெஞ்சமின் அன்றைக்கு மெதுவாகச் சொன்னார்: "விட்டுரேன். என்ன மாத்தி எழுதுனாலும் கன்னு வரவா போகுது?"

"வராது. எனக்கும் தெரியும்" என்றாள் அவள். "ஆனா செத்தது இல்லன்னு எழுதிட்டா, அடுத்த தடவையும் ஐஸ் இல்லாமப் போடுவானுவ. ஒண்ணும் ஆகலயேம்பானுவ."

நாலாவது திங்கள் அவளுக்கு முன்னாலேயே டாக்டர் யஹ்யா அங்கே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் ஆகியிருந்தது, அந்த வாரம் போகவேண்டும். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். இன்ன தேதியில், இன்னார் தொழுவில், எழுபது நாள் வயதுள்ள கிடாரிக் கன்று கோமாரியால் இறந்து கிடந்ததை நான் நேரில் பார்த்தேன், அன்றைக்குச் சீட்டில் அதை எழுதாதது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பொன்செல்வி படித்துப் பார்த்தாள். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

"அன்னிக்கே எழுதியிருக்கலாம் சார்."

"ஆமாம்மா" என்றார் அவர்.

அதிகாரி தாளை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். யாருக்கோ போன் செய்தார். பிறகு கணினியில் எதையோ தட்டி, அச்செடுத்து, முத்திரை வைத்து நீட்டினார். பாதிக்கப்பட்டவை இருபத்து மூன்று. உயிரிழப்பு: கன்று ஒன்று.

"போதுமாம்மா?" என்று கேட்டார், ஒரு தொல்லை ஒழிந்தது என்கிற குரலில்.

"போதாது" என்றாள் பொன்செல்வி. "ஆனா இதுவாவது இருக்கட்டும்."

தாளை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். மணி மூன்றாகியிருந்தது, பால் கறக்க நேரம் நெருங்கிவிட்டது. இலஞ்சி வழியாகப் போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவள் முகத்தைப் பார்த்த கண்டக்டர் விலகி வழிவிட்டார்.